யார் வீட்டில் அம்மா?

சென்ற மழைக்காலத்தில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு காரியம் செய்தோம். ஒரே கதையைச் சொல்லும் சில திரைப்படங்களை எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றாகப் பார்த்தோம். படம் முடிந்ததும் காபியோடு உட்கார்ந்து ஒப்பிட்டுப் பேசினோம். ஜூலை மாத மும்பையில் ஞாயிற்றுக்கிழமை வெளியே போய்ச் சாதிப்பதற்கு ஒன்றுமில்லை என்பது இங்கே வாழும் அன்பர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பொழுதுபோக்காக ஆரம்பித்தது, எனக்கு மட்டும் பொழுதுபோக்காக முடியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஆரம்பித்து வைத்தது 'பாக்பான்'. 2003-இல் ரவி சோப்ரா இயக்கத்தில் அமிதாப் பச்சனும் ஹேமமாலினியும் நடித்த இந்திப் படம். ஒரு மாலை அது தொலைக்காட்சியில் வந்துகொண்டிருந்தது. வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற எங்கள் நண்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். கூட இருந்த மராட்டிய நண்பர், எங்கள் எல்லோருக்கும் அவர் காகா, "இது எங்களுடைய 'ஊன் பாவூஸ்' கதை ஆயிற்றே" என்றார். 'வெயிலும் மழையும்' என்று பொருள்படும் அந்த மராட்டியப் படம் 1954-இல் வந்தது. இயக்கியவர் ராஜா பராஞ்ச்பே.

வங்கி நண்பர் விடுவாரா? "அதெல்லாம் இல்லை. இது நம் 'ஸ்கூல் மாஸ்டர்'" என்றார். பி.ஆர். பந்துலு 1958-இல் கன்னடத்தில் எடுத்து, பின்னர் மலையாளத்திலும் தமிழிலும் வந்த படம் அது. தமிழில் ஜெமினி கணேசனும் சௌகார் ஜானகியும் நடித்தார்கள். கணிப்பொறித் துறையில் வேலை பார்க்கும் எங்கள் குழுவின் இளைஞரோ, "சார், இதற்கெல்லாம் முன்னாலேயே 1937-இல் அமெரிக்காவில் இதே கதை வந்துவிட்டது" என்று எல்லோர் வாயையும் அடைத்தார்.

ஞாயிறுதோறும் குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கும் டீச்சர்தான் வழி சொன்னார். "எது முதல், எது நகல் என்று சண்டை போட்டு என்ன பயன்? எந்தப் படம் நம் வீட்டைச் சரியாகச் சொல்கிறது என்று பார்ப்போமே."

மூன்று கேள்விகள்

படம் பார்த்துவிட்டு "நன்றாக இருந்தது", "இழுவை" என்று சொல்லிக் கலைந்துபோவது எளிது. ஒப்பிட வேண்டுமானால் எல்லாப் படங்களிடமும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும். டீச்சர் மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதி, குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டார்.

ஒன்று: பெரியவர்களுக்கு எந்த இடத்தில் படுக்கை போடுகிறார்கள்?

இரண்டு: இந்தக் கதையில் கெட்டவர் யார்?

மூன்று: கடைசியில் யார் மாறுகிறார்?

முதல் கேள்வியைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். நான்கு வாரம் கழித்துப் பார்த்தால் அந்தக் கேள்விதான் மற்ற இரண்டுக்கும் தாயாக இருந்தது.

கதையின் எலும்புக்கூட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். வயதான தம்பதி. பிள்ளைகள் வளர்ந்து தனித்தனியே குடும்பம் நடத்துகிறார்கள். பணமோ வீடோ போய்விடுகிறது, அல்லது வேலையிலிருந்து ஓய்வு வந்துவிடுகிறது. இருவரையும் சேர்த்து வைத்துக்கொள்ள ஒரு பிள்ளைக்கும் இடமோ மனமோ இல்லை. அப்பா ஒரு வீட்டிலும் அம்மா ஒரு வீட்டிலுமாகப் பிரிக்கப்படுகிறார்கள்.

அமெரிக்கப் படம்

'மேக் வே ஃபார் டுமாரோ', 1937. இயக்கியவர் லியோ மக்கேரி. கடனைக் கட்ட முடியாமல் வீட்டை வங்கியிடம் இழக்கும் கூப்பர் தம்பதிக்கு ஐந்து பிள்ளைகள். தாய் லூசி நியூயார்க்கில் மகன் ஜார்ஜ் வீட்டுக்கும், தந்தை பார்க்லி வேறு ஊரில் மகள் கோரா வீட்டுக்கும் போகிறார்கள். அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1935-இல் வந்துவிட்டது. ஆனால் மாதாமாதம் முதியோர் பணம் கொடுக்கத் தொடங்கியது 1940-இல்தான். இடைப்பட்ட காலத்துப் பெரியவர்கள் பலருக்குப் பிள்ளைகளை விட்டால் வேறு கதி இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் படம் இன்னும் கனமாகிறது.

படுக்கைக் கேள்விக்கு இந்தப் படத்தில் விடை உடனே கிடைத்தது. தாய்க்குப் பேத்தியின் அறையில் பாதி. தந்தைக்குக் கூடத்துச் சோபா. தந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போய் மருத்துவர் வரும்போது, கோரா அவசரம் அவசரமாக அவரைச் சோபாவிலிருந்து எழுப்பித் தன் படுக்கையறைக்கு மாற்றுகிறாள். மருத்துவர் பார்த்தால் என்ன நினைப்பார் என்ற வெட்கம். எல்லோரும் சிரித்தோம். வங்கி நண்பர் மட்டும், "சிரிக்காதீர்கள். ஊரிலிருந்து உறவினர் வரும் நாளில் நாமும் இதைச் செய்திருக்கிறோம்" என்றார்.

மகன் வீட்டில் மருமகள் சீட்டாட்ட வகுப்பு நடத்துகிறாள். அதில் வரும் வருமானம் வீட்டுக்கு வேண்டியிருக்கிறது. விருந்தினர்களுக்கு நடுவே கிழவி சாய்வு நாற்காலியில் ஆடுகிறாள். நாற்காலி கிறீச்சிடுகிறது. எல்லோருக்கும் எரிச்சல். அப்போது கணவரிடமிருந்து தொலைபேசி வருகிறது. தொலைவில் இருப்பவருக்குக் கேட்க வேண்டுமே என்று கிழவி உரக்கப் பேசுகிறாள். குளிர் அதிகமாக இருக்கிறதா, உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா என்ற சாதாரணப் பேச்சுத்தான். சீட்டாடிக் கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக ஆட்டத்தை நிறுத்தித் தலை குனிகிறார்கள். நாற்காலிச் சத்தத்துக்கு முகம் சுளித்த அதே மனிதர்கள்தான்.

பிறகு ஒரு காட்சி. முதியோர் இல்லத்திலிருந்து வந்த கடிதத்தைத் தாய் பார்த்துவிடுகிறாள். மகன் ஜார்ஜ் அதைப் பற்றி எப்படிப் பேச்செடுப்பது என்று தெரியாமல் தவிக்கிறான். தாய் அவனை முந்திக்கொள்கிறாள். தனக்கு இங்கே பொழுது போகவில்லை, அந்த இல்லத்துக்குப் போக ஆசையாக இருக்கிறது என்று தானே கேட்கிறாள். மகன் வாயால் அதைச் சொல்ல வேண்டிய வேதனையிலிருந்து அவனைக் காப்பாற்றிவிடுகிறாள். அப்பாவிடம் மட்டும் சொல்லாதே என்று ஒரு நிபந்தனை வைக்கிறாள்.

அந்த இடத்தில் நான் எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கடைசியில், கலிபோர்னியாவில் இருக்கும் இன்னொரு மகளிடம் தந்தை அனுப்பப்படுகிறார். ரயிலுக்கு முன் கிடைக்கும் சில மணி நேரத்தில் இருவரும், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தேனிலவுக்கு வந்த ஓட்டலுக்குப் போகிறார்கள். பிள்ளைகள் வீட்டு இரவு விருந்துக்கு வரவில்லை என்று சொல்லிவிடுகிறார்கள். பின் ரயில் நிலையம். ரயில் கிளம்புகிறது. அவ்வளவுதான் படம். மகிழ்ச்சியான முடிவு வேண்டும் என்று படக் கம்பெனி கேட்டும் மக்கேரி மறுத்துவிட்டார். படம் ஓடவில்லை. அதே ஆண்டு எடுத்த வேறொரு நகைச்சுவைப் படத்துக்காக அவருக்கு ஆஸ்கார் விருது கிடைத்தது. தவறான படத்துக்குக் கொடுக்கிறீர்கள் என்று அவர் மேடையிலேயே சொன்னார்.

ஜப்பானியப் படம்

அடுத்த வாரம் யசுஜிரோ ஓஸு 1953-இல் எடுத்த 'டோக்கியோ ஸ்டோரி'. அவருடன் சேர்ந்து திரைக்கதை எழுதிய கோகோ நோடா, மக்கேரியின் படத்தைப் பார்த்திருந்தவர். ஆனால் இது நகல் அல்ல. விதை அங்கே, மரம் இங்கே.

ஒனோமிச்சி என்ற கடலோர ஊரிலிருந்து ஒரு தம்பதி, டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க ரயிலில் வருகிறார்கள். மூத்த மகன் புறநகரில் சிறிய மருத்துவர். மகள் வீட்டிலேயே அழகு நிலையம் நடத்துகிறாள். ஒரு மகன் போரில் போய்விட்டான். அவன் மனைவி நோரிகோ அலுவலகத்தில் வேலை செய்துகொண்டு ஓர் அறையில் தனியே வாழ்கிறாள்.

டோக்கியோ என்பதை மும்பை என்று மாற்றிக்கொண்டால் போதும். தாத்தா பாட்டி வருகிறார்கள் என்று பேரனின் மேசையை எடுத்துத் தாழ்வாரத்தில் போடுகிறார்கள். "நான் எங்கே படிப்பது?" என்று அவன் கத்துகிறான். ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றிக் காட்டப் புறப்படும் நேரத்தில் நோயாளி வீட்டிலிருந்து ஆள் வந்துவிடுகிறார். மகன் போயாக வேண்டும். மருமகன் நல்ல தின்பண்டம் வாங்கி வந்தால், இத்தனை விலையில் எதற்கு என்கிறாள் மகள். பிள்ளைகள் பணம் போட்டுப் பெற்றோரை ஒரு வெந்நீர் ஊற்று விடுதிக்கு அனுப்புகிறார்கள். அங்கே இரவெல்லாம் இளைஞர்கள் கூச்சல். தூக்கம் இல்லாமல் மறுநாளே திரும்பி வந்தால், மகள் வீட்டில் அன்று மாலை சங்கக் கூட்டம். படுக்க இடமில்லை. தாய் நோரிகோவின் ஓர் அறைக்குப் போகிறாள். தந்தை பழைய நண்பர்களைத் தேடிப் போய், நள்ளிரவில் குடித்துவிட்டு, காவலர் துணையோடு மகள் வீட்டுக்கு வந்து சேர்கிறார்.

இரண்டாம் கேள்விக்கு வந்தோம். கெட்டவர் யார்? மகள் என்றார் டீச்சர். தாய் இறந்த வீட்டில், சாப்பிட்டு முடிக்கும் முன்பே அம்மாவின் நல்ல துணிகளைத் தனக்கென்று கேட்கிறவள் அவள். காகா ஒத்துக்கொள்ளவில்லை. "அவள் அம்மாவுக்காக அழவும் செய்தாள். அழுகையும் உண்மை, துணி கேட்டதும் உண்மை. என் அக்காவும் அப்படித்தான். அவள் கெட்டவளா?" என்றார். ஊரில் பெற்றோருடன் இருக்கும் கடைசிப் பெண், அண்ணன் அக்காமீது கோபப்படும்போது நோரிகோ அவளைச் சமாதானம் செய்கிறாள். வளர வளரப் பிள்ளைகளுக்குத் தங்கள் வாழ்க்கை என்று ஒன்று வந்துவிடுகிறது, தானும் அப்படி ஆகக்கூடும் என்கிறாள். ரத்த உறவு இல்லாத அந்த மருமகளுக்குத்தான் மாமனார் தம் மனைவியின் கைக்கடிகாரத்தைக் கொடுக்கிறார்.

இதில் தந்தையாக நடித்த சிஷு ரியுவுக்கு அப்போது வயது 49. நம்பவே முடியாது. படம் முழுவதும், பாயில் உட்கார்ந்திருப்பவர் கண் உயரத்துக்குக் கேமரா தாழ்ந்திருக்கிறது. எனக்கு அது வீட்டுக்கு வந்த பெரியவரின் பக்கத்தில் நாமும் தரையில் உட்கார்ந்ததுபோல் இருந்தது. ஓஸு திருமணமே செய்துகொள்ளாமல் தாயோடு வாழ்ந்தவர் என்று படித்தபோது ஆச்சரியம் வரவில்லை. 2012-இல் பிரிட்டிஷ் பத்திரிகையான 'சைட் அண்ட் சவுண்ட்' உலகத் திரைப்பட இயக்குநர்களிடம் வாக்கெடுத்தபோது, முதலிடம் பெற்ற படம் இதுதான்.

நம் நாட்டுப் படங்கள்

மூன்றாம் வாரம் 'பாக்பான்'. அமெரிக்கப் படத்தைப் பார்த்துவிட்டு இதைப் பார்க்கும்போது ஒற்றுமைகள் கண்ணில் படுகின்றன. அங்கே தந்தையின் கண்ணாடி உடைந்திருக்கிறது. மனைவியின் கடிதத்தைக் கடைக்கார நண்பர் படித்துக் காட்டுகிறார். இங்கேயும் கண்ணாடி உடைகிறது. இங்கேயும் ஆறுதலுக்கு ஒரு கடைக்காரர், பரேஷ் ராவல். அங்கே பேத்தி, இங்கே பேரன்.

வேறுபாடு இரண்டாம் கேள்வியில் இருக்கிறது. 'பாக்பான்' படத்தில் கெட்டவர்களைத் தேட வேண்டியதில்லை. நான்கு பிள்ளைகளும் கெட்டவர்கள். வீடு பெரியது, கார் இருக்கிறது, இடம் தாராளமாக இருக்கிறது, மனம்தான் இல்லை. வளர்ப்பு மகன் சல்மான் கான் தெய்வம். தந்தை எழுதிய புத்தகம் பரிசு பெறுகிறது. பிள்ளைகள் மன்னிப்புக் கேட்டு வருகிறார்கள். தந்தை மன்னிக்க மறுக்கிறார். மூன்றாம் கேள்விக்கு விடை: மாறுவது தந்தையின் அதிர்ஷ்டம்.

நான்காம் வாரம் தமிழுக்கு வந்தோம். சிவாஜி கணேசனின் 'வியட்நாம் வீடு' (1970) வேண்டும் என்றார் வங்கி நண்பர். பிரஸ்டீஜ் பத்மநாபன் ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து வீட்டில் எப்படிச் சிறுத்துப் போகிறார் என்பதை அவர் நடித்தே காட்டிவிட்டார். ஆகவே நாங்கள் பாலு மகேந்திராவின் 'சந்தியா ராக'த்தை (1989) எடுத்துக்கொண்டோம். மனைவியை இழந்த முதியவராகச் சொக்கலிங்க பாகவதர். கிராமத்திலிருந்து சென்னைக்கு, மகன் முறையாகும் உறவினர் வீட்டுக்கு வருகிறார். அந்த வீட்டுப் பெண் அர்ச்சனா. யாரும் கொடியவர் இல்லை. சம்பளம் சிறியது, வீடு சிறியது, ஒரு வயிறு கூடிவிட்டது. கடைசியில் முதியோர் இல்லம். ஓஸுவின் தம்பி ஒருவர் சென்னையில் இருந்தார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

வாக்குவாதம்

படங்கள் முடிந்தன. தீர்ப்புச் சொல்லும் நாள் வந்தது. இளைஞரும் டீச்சரும் ஓஸு பக்கம். 'பாக்பான்' பிள்ளைகளைப் பொம்மைகளாக ஆக்கிவிட்டது, நிஜத்தில் அப்படி யார் இருக்கிறார்கள் என்றார் டீச்சர்.

வங்கி நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது. "யார் இருக்கிறார்களா? 2007-இல் அரசாங்கம் சட்டம் போட்டு, பெற்றோருக்குப் பிள்ளைகள் ஜீவனாம்சம் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயம் வைத்திருக்கிறதே, ஆள் இல்லாமலா? அந்த அப்பா மேடையில் பேசும்போது தியேட்டரில் கை தட்டினார்களே, அவர்கள் எல்லோரும் முட்டாள்களா? வீட்டில் பேச முடியாததை அவர்களுக்காக அமிதாப் பேசினார். ஓஸு பேசுவாரா?" என்றார். அவருக்கு இரண்டு மகன்கள், இருவரும் வெளிநாட்டில். நாங்கள் யாரும் பதில் சொல்லவில்லை.

நான் யோசித்துப் பார்த்ததில் அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. 'பாக்பான்' பெற்றோருக்காக எடுத்த படம். காயத்துக்கு மருந்து போடுகிறது. ஓஸுவும் மக்கேரியும் பாலு மகேந்திராவும் எடுத்தவை பிள்ளைகளுக்கான படங்கள். 'பாக்பான்' பார்க்கும் பிள்ளை, "நான் இவ்வளவு மோசமில்லை" என்று நிம்மதியாக எழுந்து போகலாம். மற்ற மூன்று படங்களிலும் அப்படி எழுந்து போக வாசல் இல்லை. கெட்டவர் யார் என்று தேடிக்கொண்டே போனால் கடைசியில் கையில் அகப்படுவது நம் சட்டைக் காலர்தான்.

அம்மா சொன்னது

நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனதற்குக் காரணம் இதுதான்.

1986-இல் அப்பா காலமானபின் மாயவரத்து வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மாவை இங்கே அழைத்து வந்தேன். டோம்பிவிலியில் ஒன் ரூம் கிச்சன். நாங்கள் இருவர், இரண்டு குழந்தைகள். அம்மாவுக்குப் படுக்கை சமையலறையில், அடுப்பு மேடைக்கும் மோரிக்கும் நடுவில். காலை ஐந்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். அதற்கு முன் பாயைச் சுருட்டியாக வேண்டும். ஏழு மாதம் இருந்தாள். ஒரு நாள் நான் ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "எனக்கு இந்த ஊர் தண்ணி ஒத்துக்கலைடா. தம்பி வீட்டுக்கு டிக்கெட் எடுத்துடு" என்றாள். தாதர் எக்ஸ்பிரஸில் சென்னைக்கு ஏற்றிவிட்டேன். அதன்பின் தம்பி வீடும் எங்கள் வீடுமாக இருந்து, 1994-இல் போய்ச் சேர்ந்தாள்.

"எங்கம்மா அவளாகவே ஆசைப்பட்டுத்தான் போனாள்" என்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். பொய் என்று நினைத்துச் சொன்னதில்லை. லூசி தன் மகனை முந்திக்கொண்ட அந்தக் காட்சியில்தான், அன்றைக்கு முதல் நாள் இரவு நானும் என் மனைவியும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. எங்கள் அறைக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்தது ஒரு திரைச்சீலை.

அன்று இரவு சென்னையில் இருக்கும் தம்பியிடம் தொலைபேசியில் கேட்டேன். "உன் வீட்டிலிருந்து அம்மா ஒவ்வொரு தடவையும் ஏன்டா கிளம்பி வந்தாள்?" அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவளாகத்தான் கேட்டாள் அண்ணா. குழந்தைகளைப் பார்க்கணும், அண்ணன் வீட்டுக்கு டிக்கெட் எடுத்துடுன்னா" என்றான்.

வாசகர்களுக்கு

நம் சங்கத்து அன்பர்களும் இப்படிச் சேர்ந்து பார்க்கலாம் என்பதற்காகவே இதை எழுதினேன். எங்கள் அனுபவத்தில் சில யோசனைகள். ஒரே பொருளில் நான்கு படங்கள் போதும், அதற்கு மேல் குழம்பும். ஒன்றாவது நமக்குத் தெரியாத மொழியாக இருக்கட்டும். கேள்விகளைப் படம் பார்க்கும் முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள், பார்த்த பிறகு எழுதினால் அவரவர்க்குப் பிடித்த படத்துக்கு ஏற்றபடி கேள்வி வளைந்துவிடும். படம் முடிந்ததும் பத்து நிமிடம் யாரும் பேச வேண்டாம். மூத்தவர்களையும் இளையவர்களையும் சேர்த்து உட்கார வையுங்கள். ஒரே காட்சியில் இருவரும் வெவ்வேறு ஆளைப் பார்த்துக்கொண்டிருப்பது அப்போதுதான் தெரியும்.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு படுக்கையறை. மகள் பெங்களூரில் இருக்கிறாள். வரும் தீபாவளிக்கு நாங்கள் அங்கே போவதாக ஏற்பாடு. சென்ற வாரம் பேசும்போது, "அப்பா, உங்களுக்கும் அம்மாவுக்கும் பையனுடைய அறையை ஒழித்துத் தருகிறேன்" என்றாள். "அவன் படிப்பு மேசையை மட்டும் நகர்த்தாதே அம்மா" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. போகும்போது அந்த ஜப்பானியப் படத்தை எடுத்துக்கொண்டு போவதாக இருக்கிறேன்.